நூற்பாலையில் தங்கைக்கு நடந்ததற்கு வெளிநாட்டுக் கம்பெனியைக் கேட்க முடியுமா?

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. மலையாளி பழங்குடி. என் தங்கையை 17 வயது 8 மாதத்தில் ஓர் ஏஜென்ட் சங்ககிரி பக்கம் ஒரு நூற்பாலைக்கு அழைத்துப் போனார். அப்பாவிடம் 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். மூன்று வருஷம் முடித்தால் 60,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும் என்றார். நாள் சம்பளம் 320 ரூபாய். 12 மணி நேர ஷிப்ட், நைட் ஷிப்டும் உண்டு, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் கிடையாது. ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடியாது. வாரம் ஒரு நாள் வார்டன் போனில் பேசலாம். 28 மாதம் முடிந்த நிலையில் இருமலும் காய்ச்சலும் தாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து இரண்டரை மாதம் ஆகிறது. மூன்று வருஷம் முடிக்காததால் மொத்தப் பணம் இல்லை என்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் திருப்பித் தரவில்லை. ஆலை வாசலில் ஒரு ஜெர்மன் துணிக் கம்பெனியின் பெயரோடு தொழிலாளர் உரிமைப் பலகை மாட்டியிருக்கிறதாம். ஆடிட் வரும் நாளில் "எட்டு மணி நேரம்தான் வேலை" என்று சொல்லச் சொல்லிக் கொடுப்பார்களாம். அந்தக் கம்பெனியை நாங்கள் கேட்க முடியுமா? கேட்டால் ஆர்டர் நின்று, அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்களின் பிழைப்பும் போய்விடும் என்று ஊரில் சொல்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கேட்க முடியும். அதற்கு முன்னால் இங்கே, சேலத்தில், எண் போட்ட ஒரு மனு உங்கள் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: அந்தக் கம்பெனிக்கு விஷயம் தெரிந்திருந்ததா, தெரிந்த பிறகு என்ன செய்தது? அரசு அலுவலக முத்திரையோடு கூடிய மனுவின் நகல் கையில் இருந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாது. இங்கே ஒன்றுமே செய்யாமல் நேராக ஜெர்மனிக்கு எழுதினால், அவர்கள் ஆலையைக் கேட்பார்கள், ஆலை மறுக்கும், அத்தோடு முடிந்துவிடும்.

இன்றே பார்க்க வேண்டியது காலக்கெடு. பணியிடத்தில் பாலியல் தொல்லை நடந்திருந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தங்கை வந்து இரண்டரை மாதம் ஆகிவிட்டது. நீங்கள் இதைப் பற்றி எழுதவில்லை. அண்ணனிடம் சொல்லியிருக்கவும் மாட்டாள். நம்பிக்கையான ஒரு பெண் இந்த வாரமே அவளோடு தனியாக உட்கார்ந்து கேட்கட்டும். அப்படி ஏதும் இருந்தால், ஆலையின் உள்ளகப் புகார்க் குழு சரியாக இயங்காத நிலையில், மாவட்ட உள்ளூர் குழுவுக்குக் கொடுக்க வழி உண்டா என்று கீழே சொல்லும் இலவச வழக்கறிஞரிடம் உடனே கேளுங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டு, சம்பளப் பாக்கிக்கு மூன்று ஆண்டு. கொத்தடிமை மனுவுக்கு இப்படி ஒரு கெடு இல்லை.

எல்லாவற்றுக்கும் தங்கையின் சம்மதம் வேண்டும். அவளுக்கு இப்போது 20 வயது. மனுவில் கையெழுத்து அவளுடையது. பெயர் எங்கே வெளியே வரலாம், எங்கே கூடாது என்பதும் அவள் முடிவு. நீங்கள் கூட நில்லுங்கள், அவளுக்குப் பதிலாக நிற்க வேண்டாம்.

அடுத்தது கணக்கு. ஊரில் எல்லோரும் அந்த 60,000 ரூபாயைப் பற்றித்தான் பேசுவார்கள். சட்டப்படி உங்களுக்கு வர வேண்டியதில் அது சிறிய பங்கு. 12 மணி நேர ஷிப்டில் அரை மணி சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தால் பதினொன்றரை மணி நேர வேலை. வாரம் 48 மணி நேரம், ஆறு நாள் என்றால் நாளைக்கு 8 மணி. மிச்சம் மூன்றரை மணி ஓ.டி. நாள் சம்பளம் 320 என்றால் மணிக்கு 40 ரூபாய். ஓ.டி.க்கு இரட்டிப்பு, 80 ரூபாய். மூன்றரை மணிக்கு 280. மாதம் 26 நாள் என்றால் 7,280. இருபத்தெட்டு மாதத்துக்கு 2,03,840 ரூபாய். இது அவர்கள் கொடுத்த குறைந்த சம்பளத்தை வைத்தே போட்ட கணக்கு. அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம், ஆண்டுதோறும் ஏறும் அகவிலைப்படியோடு, 320-க்கு மேல் இருந்தால் அந்த வித்தியாசமும் சேரும், ஓ.டி. விகிதமும் ஏறும். அறிவிக்கையின் நகலைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஆண்டுவாரியாகக் கேட்டு வாங்குங்கள். இடைவேளையைக் கழிக்காமல் நான்கு மணி நேரம் என்று போட்டுவிடாதீர்கள். ஆலையின் வக்கீல் அந்த ஓர் ஓட்டையைக் காட்டி முழுக் கணக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார். லீவு, உடம்பு சரியில்லாத நாள், ஊருக்கு வந்த நாள் எல்லாவற்றையும் கழித்துவிட்டே எழுதுங்கள்.

மொத்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். மாதச் சம்பளத்தில் பிடித்து வைத்ததுதான் அது என்றால், அது அவள் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த கூலி. மூன்று வருஷம் முடிக்கவில்லை என்று அதை நிறுத்தி வைக்க ஆலைக்கு உரிமை கிடையாது. பி.எஃப். பணத்தையே "திட்டப் பணம்" என்று காட்டும் வழக்கமும் உண்டு. அதனால் அவளுடைய பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கண்டுபிடியுங்கள், 12 இலக்கம். உமங் செயலியில் ஆதாரோடு இணைந்த போனிலிருந்து பாஸ்புக் பார்க்கலாம். எண்ணே இல்லையென்றால் பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத் தேடல் பகுதியில் ஆலையின் பெயரைப் போட்டு, மாதவாரியாக யார் பெயரில் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே அவள் பெயர் இல்லாவிட்டால் அதுவே ஒரு புகார், சேலம் பி.எஃப். மண்டல அலுவலகத்துக்குத் தனியாக எழுதுங்கள். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் அப்படியே: 21,000 ரூபாய்க்குக் கீழ் சம்பளம் என்றால் தொழிலாளி 0.75 சதவீதம், ஆலை 3.25 சதவீதம் கட்ட வேண்டும். அவளிடம் 10 இலக்கக் காப்பீட்டு எண் இருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தங்கை வேலை செய்த காலத்தில் ஒரு பகுதி பழைய சட்டங்களின் கீழ் வரலாம். எனவே மனுவில் "ஊதியத் தொகுப்புச் சட்டம், 2019 மற்றும் அதற்கு முன் நடப்பிலிருந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஊதியப் பட்டுவாடாச் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம் ஆகியவற்றின் கீழ்" என்று இரண்டையும் எழுதுங்கள். பழைய சட்டங்களில் குறைந்தபட்சக் கூலிக் கோரிக்கைக்கு ஆறு மாதம், சம்பளப் பிடித்தத்துக்கு ஓராண்டு என்றுதான் கெடு இருந்தது. புதியதில் மூன்று ஆண்டு. கோரிய தொகைக்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடம் உண்டு. சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளி தலையில்தான். ஆனால் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். ஆலை ஒரு பதிவேடு கொண்டுவரும், அதில் எட்டு மணி நேரம் என்றே இருக்கும்.

அதற்கான சாட்சியத்தை இப்போதே சேருங்கள். தங்கையை உட்கார வைத்து அவள் பார்த்த வேலையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: சைடரா (நூற்கும் மிஷினின் பக்கத்தைக் கவனிப்பவர்), டாஃபரா (நூல் நிறைந்த பாபினை எடுப்பவர்), கோன் வைண்டிங்கா (நூலைக் கோனில் சுற்றுவது), எத்தனை சைடு, அதாவது மிஷின் பக்கம், பார்த்தாள், ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறும், ஷிப்ட் மாறும்போது யார் வந்து மிஷினைப் பிடித்துக்கொள்வார், நைட் ஷிப்டில் டீ எப்போது வரும், எந்த மேஸ்திரி. பொய்யான பதிவேட்டில் இந்த அளவு விவரம் இருக்காது. ஷிப்ட் நேரத்தை உறுதிசெய்ய அதே ஹாஸ்டலில் இருந்த, இப்போது வெளியே வந்துவிட்ட இரண்டு மூன்று பெண்களின் எழுத்து வாக்குமூலம் வேண்டும். வீட்டு போனில் வார்டன் எண்ணிலிருந்து வந்த அழைப்புகளின் பதிவு, வாரம் ஒரு நாள் மட்டுமே பேச விட்டார்கள் என்பதற்கு நல்ல சான்று. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, அடையாள அட்டை, கேட் பாஸ், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, முன்பணம் கொடுத்தபோது உடனிருந்தவர் யார் என்பது எல்லாம் சேரட்டும். வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் போனை மாற்றிவிடாதீர்கள், அசல் போன் வேண்டும்.

அவளை "அப்ரண்டிஸ்" என்று ஆலை சொன்னால், பதிவு செய்த பயிற்சி ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். 28 மாதம் முழுச் சைடு பார்த்தவரைப் பயிற்சியாளர் என்று சொல்வது எடுபடாது.

வயதும் முக்கியம். முதல் நான்கு மாதம் அவளுக்கு 18 ஆகவில்லை. அப்போது நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணிக்குள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது. அந்த நான்கு மாதத்தில் நைட் ஷிப்ட் பார்த்திருந்தால் அது தனிக் குற்றச்சாட்டு. வெளிநாட்டுக் கம்பெனிகள் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாத இடமும் இதுதான். சேரும்போது ஏஜென்ட் வேறு வயது எழுதிக் கொடுத்தாரா என்று கேளுங்கள். மார்க் ஷீட்டில் பிறந்த தேதி இருக்கிறது. அதை அவர்கள் பிடித்து வைத்திருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பள்ளியில் பிறந்த தேதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட்டின் நகல் கிடைத்துவிட்டாலும், அசலைப் பிடித்து வைத்தது பற்றிய புகாரைக் கைவிடாதீர்கள்.

முன்பணம், வெளியே போகத் தடை, பிடித்து வைத்த சம்பளம், பிடித்து வைத்த ஆவணம், அளவு மீறிய ஓ.டி. ஆகியவை ஒன்றாக வந்தால் அதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் அவற்றில் பாதியாவது இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சங்ககிரி கோட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து எண்ணை வாங்குங்கள். "பெண்தான் வீட்டுக்கு வந்துவிட்டாளே, இனி என்ன மீட்பு?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். தப்பி வந்தவரும் கொத்தடிமையாக இருந்தவர்தான். விசாரித்து விடுதலைச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். முன்பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது. சான்றிதழ் கிடைத்தால் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் பெண்களுக்கு 2 லட்சம் ரூபாய். உடனடி உதவியாக 30,000 வரை. முழுத் தொகை தண்டனைத் தீர்ப்போடு பிணைக்கப்பட்டிருப்பதால் தாமதமாகும், உடனடி உதவிக்கு அந்தத் தடை இல்லை.

சேர்வராயன் மலை மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். பழங்குடி அல்லது பட்டியல் சாதியைச் சேராத ஒருவர் அவர்களைக் கட்டாய உழைப்பில் வைப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். இதற்குத் தங்கையின் பெயரில் சாதிச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள், பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் அளவில் வழங்கப்படுவது, நாளாகும்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். சேலம் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். 15100 எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு ஒன்றும் போடுங்கள்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை மூன்று ஆண்டுகளில் அந்த ஆலையை எந்தெந்த நாள் ஆய்வு செய்தது, ஆய்வறிக்கை நகல் என்ன, 2014ஆம் ஆண்டுப் பெண்கள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அந்த ஹாஸ்டல் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா. 30 நாளில் பதில் வர வேண்டும். பதிவு இல்லை என்று வந்தால் அந்தத் தாளும் ஜெர்மனிக்குப் போகிற காகிதங்களோடு சேரும்.

இருமலை விட்டுவிடாதீர்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கும். பிறகு மற்ற நாட்களுக்கும் பரவும். தங்கைக்கு அப்படி இருந்ததா என்று மருத்துவரிடம் அவளே சொல்லட்டும். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் நெஞ்சகப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி (மூச்சுத் திறன் சோதனை) கேளுங்கள், சீட்டில் "28 மாதம் நூற்பாலை வேலை" என்று எழுதச் சொல்லுங்கள். பிசினோசிஸ் பழைய தொழிற்சாலைகள் சட்ட அட்டவணையிலேயே இருந்த தொழில்சார் நோய். காச நோய்ப் பரிசோதனையும் கூடவே முடியட்டும்.

இனி ஜெர்மன் கம்பெனி.

வாசலில் பலகை இருப்பது மட்டும் போதாது. அந்த ஆலையின் நூல் அந்தக் கம்பெனியின் துணிக்குப் போகிறது என்று காட்ட வேண்டும். நூல் கோன் பெட்டியில் திருப்பூர் நிட்டிங் கம்பெனிக்குப் போய், சாயப்பட்டறை, தையல் என்று நான்கைந்து கை மாறித்தான் சட்டையாகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் தடம் மங்கும். பலகையின் படம், யாராவது வெளியே வந்த பெண் எடுத்தது இருந்தால் முதலிடம். இப்போது உள்ளே இருக்கும் பெண்களைப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் முதலில் போவது அவர்கள் வேலைதான். கோன் பெட்டி ஸ்டிக்கரில் லாட் எண், கவுண்ட் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்), வாங்குபவர் பெயர் இருக்கும். தங்கைக்கு எது நினைவிருக்கிறதோ அதை எழுதுங்கள். ஓப்பன் சப்ளை ஹப் என்ற இலவச இணையதளத்தில் ஆலையின் பெயரையும் ஊரையும் போட்டால், எந்தெந்தக் கம்பெனிகள் அதைத் தங்கள் பட்டியலில் காட்டியிருக்கின்றன என்று தெரியும். பல கம்பெனிகள் சப்ளையர் பட்டியலைத் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன. ஆலைக்கு ஆர்கானிக் பருத்திக்கான காட்ஸ் சான்று இருந்தால் அந்த அமைப்பின் பொதுத் தரவுத்தளத்தில் ஆலையின் பெயர் இருக்கும். அந்தச் சான்றுக்குத் தொழிலாளர் நிபந்தனைகளும் உண்டு, புகார் வழியும் உண்டு. கிடைத்த பக்கங்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள். புகார் போன பிறகு பெயர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போவது உண்டு.

ஜெர்மனியில், தங்களுக்குப் பொருள் தருபவர்களிடம் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று கம்பெனிகளைப் பார்க்கச் சொல்லும் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. 2024 முதல் அந்நாட்டில் 1,000 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அது பொருந்தும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நேரடி சப்ளையரிடம் நடப்பதைக் கம்பெனி தானாகவே கண்காணிக்க வேண்டும். சங்கிலியில் இன்னும் பின்னால் இருப்பவர்களிடம், அதாவது நூற்பாலை போன்ற இடங்களில், மீறல் நடந்திருக்கலாம் என்று ஆதாரத்தோடு தகவல் கிடைத்தால் மட்டுமே கடமை எழுகிறது. உங்கள் கடிதம்தான் அந்தத் தகவல். அது போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கம்பெனி சும்மா இருக்க முடியாது. அதனால்தான் தேதி, எண், கணக்கு, மனு நகல் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். "கொடுமை நடக்கிறது" என்று பொதுவாக எழுதினால் அதை ஆதாரமுள்ள தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கம்பெனி ஒரு புகார் வழியை வைத்திருக்க வேண்டும். மறைமுக சப்ளையரிடம் வேலை செய்தவரும் அதில் புகார் செய்யலாம். பெயரை ரகசியமாக வைக்க வேண்டும். கம்பெனியின் இணையதளத்தில் அதன் விவரம் இருக்கும். கடிதத்தைத் தமிழில் எழுதி ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். இந்த அளவில் இருக்கட்டும்:

"நான் ... தேதி முதல் ... தேதி வரை சேலம் மாவட்டம் ... ஆலையில் ஸ்பின்னிங் பிரிவில் சைடராக வேலை செய்தேன். உங்கள் நிறுவனத்தின் தொழிலாளர் உரிமைப் பலகை ஆலை வாசலில் இருந்தது. நாள்தோறும் 12 மணி நேர ஷிப்ட். ஓ.டி. ஊதியம் தரப்படவில்லை, கணக்கு இணைப்பு 1. சேர்ந்தபோது என் வயது 17. 18 வயதாகும் முன் முதல் நான்கு மாதத்தில் நைட் ஷிப்ட் பார்த்தேன். பிறந்த தேதிச் சான்று இணைப்பு 2. என் மதிப்பெண் சான்றிதழ் இன்றுவரை ஆலையிடம் உள்ளது. சேலம் ஆட்சியரிடம் ... எண்ணில் மனு கொடுத்துள்ளேன், இணைப்பு 3. சான்றிதழை ஏழு நாளில் திருப்பித் தரவும், ஊதியப் பாக்கியை வழங்கவும், மூன்று ஆண்டுகளில் அங்கு வேலை செய்து வெளியேறிய மற்ற பெண்களுக்கும் இதே கணக்கைச் சரிசெய்யவும் நடவடிக்கை கோருகிறேன். ஆர்டரை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் பெயரை என் எழுத்து அனுமதி இல்லாமல் ஆலைக்குத் தெரிவிக்கக் கூடாது. விசாரணைக்கு வருவோர் பெண்களை ஆலைக்கும் ஹாஸ்டலுக்கும் வெளியே சந்திக்க வேண்டும்."

ஒரு சிக்கலை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். ஆலையிடமிருந்து அவளுடைய சான்றிதழையும் பாக்கியையும் வாங்கித் தர வேண்டுமானால் எப்போதாவது பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் கடிதத்தில் ரகசியம் கேளுங்கள். இங்கே மனு எண் விழுந்து, வழக்கறிஞர் ஒருவர் பொறுப்பேற்ற பிறகு பெயரைச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

பெண்களை வெளியே சந்திக்க வேண்டும் என்ற, கடிதத்தின் கடைசி வரி சடங்குக்காக எழுதியதல்ல. ஆடிட்டர் ஆலை வளாகத்தில், மேனேஜர் கண் எட்டும் தூரத்தில் கேட்டால் எல்லாப் பெண்களும் எட்டு மணி நேரம் என்றுதான் சொல்வார்கள். சொல்லிக் கொடுத்த பதில் அது. பல ஆலைகள் "சுத்தமான" அறிக்கையோடு தப்பிப்பது இப்படித்தான். மலையில் ஊருக்கு வந்து, தமிழ் பேசும் பெண் ஒருவர் விசாரித்தால் வேறு பதில் வரும்.

கம்பெனி கண்துடைப்பாகப் பதில் சொன்னால் அடுத்த படி பாஃபா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஜெர்மன் பொருளாதார, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகம். அதன் இணையதளத்தில் புகார்ப் படிவம் உண்டு, கட்டணம் இல்லை. தன் உரிமை மீறப்பட்டது என்று பாதிக்கப்பட்டவரே ஆதாரத்தோடு விண்ணப்பித்தால் அந்த அலுவலகம் செயல்பட்டாக வேண்டும். 2025இல் ஜெர்மன் அரசு இந்தச் சட்டத்தின் அறிக்கைக் கடமையையும் அபராதப் பகுதிகளையும் தளர்த்த முடிவு செய்தது. அனுப்பும் நாளில் என்ன நிலவரம் என்று வழக்கறிஞரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சட்டத்தின் பெயரில் நேரடியாக நஷ்டஈடு கேட்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். இது கம்பெனியை அசைய வைக்கும் வழி. பணம் இங்கே உள்ள சம்பளக் கோரிக்கையிலிருந்தும், அந்த அசைவால் ஆலை இறங்கி வருவதிலிருந்தும்தான் வரும்.

இன்னொரு வழி, ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நாடுகளின் பன்னாட்டு நிறுவன வழிகாட்டு நெறிகள். இந்தியா அதில் சேரவில்லை, ஜெர்மனி சேர்ந்திருக்கிறது; அங்குள்ள தேசியத் தொடர்பு அலுவலகத்தில் புகார் செய்யலாம். அது சமரசம் பேசும், கட்டாயப்படுத்தாது, ஓராண்டுக்கு மேல் இழுக்கும். தனி நபராகப் போவதைவிடச் சங்கம் அல்லது அமைப்பு மூலம் போவது நல்லது. கம்பெனி பிரெஞ்சுக்காரர்களுடையது என்றால் இதே வகையான 2017ஆம் ஆண்டு விழிப்புக் கடமைச் சட்டம் இருந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் 2024இல் வந்த இதே வகைச் சட்டம் தள்ளிப்போடப்பட்டு, சுருக்கப்பட்டு வருகிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். கட்டாய உழைப்பில் உருவான பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கத் தடை 2027 டிசம்பர் 14 முதல் அமலாகும். ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் இப்போதே அதற்கு அஞ்சுகிறார்கள், பேச்சுவார்த்தையில் அது உதவும்.

வெளிநாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். கராச்சியில் 2012இல் ஓர் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்து துணி வாங்கிய ஜெர்மன் கம்பெனி கிக் மீது டோர்ட்முண்ட் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2019இல் தள்ளுபடி ஆனது. காரணம், பாகிஸ்தான் சட்டப்படி காலவரம்பு கடந்துவிட்டது. ஐரோப்பாவில் வழக்கு நடந்தாலும் பொதுவாகக் கேடு நேர்ந்த நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். அதன் காலவரம்பும் கூடவே வரும். ஆனால் 2016இலேயே, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஏற்பாட்டில், அதே கம்பெனி 51.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே கிடைத்த பணம் அது. லண்டனில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது: ஜாம்பியச் செம்புச் சுரங்க மாசுக்காக வேதாந்தா மீது அந்நாட்டு மக்கள் இங்கிலாந்தில் வழக்காடலாம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. அங்கே வேதாந்தா தாய்க் கம்பெனி. உங்கள் விஷயத்தில் ஜெர்மன் கம்பெனி வெறும் வாங்குபவர். பொறுப்பைக் கட்டுவது இன்னும் கடினம்.

நம் பக்கத்திலேயே கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை இருக்கிறது. 2001இல் முஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டு ஆலை மூடப்பட்டது. யூனிலீவரின் இந்தியக் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டு. அவர்கள் சங்கமாக நின்றதால்தான் அத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடிந்தது.

ஆர்டர் போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். அது வெறும் மிரட்டல் அல்ல, நடந்திருக்கிறது. ஆனால் அதைத் தடுக்கவும் முடியும். திண்டுக்கல்லில் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் 2021 ஜனவரியில் தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் என்ற வெளிநாட்டு ஆடை நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போட்டது. பிறகு கேப், பி.வி.எச். ஆகிய அமெரிக்க ஆடை நிறுவனங்களும் கையெழுத்திட்டன. மீறல் தொடர்ந்தால் ஆர்டரில் விளைவு உண்டு என்று கம்பெனிகள் எழுத்தில் கட்டுப்பட்டன. அதே 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு அடையாளங்களைக் காரணம் காட்டி அந்த ஆலையின் சரக்கைத் தடுத்தது. செப்டம்பர் தொடக்கத்திலேயே தடை விலகியது. ஒப்பந்தத்தின் கீழ் திருத்தங்கள் நடப்பதைக் காட்ட முடிந்தது. ஒப்பந்தம் இல்லாத ஆலையாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் விலகியிருக்காது.

ஜெர்மன் சட்டமும் உறவை முறிப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. முதலில் காலக்கெடுவோடு திருத்தத் திட்டம். கம்பெனி சத்தமில்லாமல் வேறு ஆலைக்கு மாறினால் அதையே பாஃபாவுக்குப் புகாராக எழுதலாம். "ஆர்டரை நிறுத்தக் கோரவில்லை" என்ற வரியை மாதிரிக் கடிதத்தில் வைத்தது இதற்காகத்தான். ஊரிலும் அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

மனு போன பத்துப் பதினைந்து நாளில் ஏஜென்ட் வீடு தேடி வருவார். 60,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார். மார்க் ஷீட்டை மட்டும், தேதி போட்ட ரசீது எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் என்றால் வழக்கறிஞர் முன்னிலையில், வங்கி வழியாக, "ஒரு பகுதியாக" என்ற சொல்லோடு மட்டும். வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்க நேரம் தராத தாளிலோ தங்கையும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டாம். மிரட்டினால் அன்றே ஏற்காடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்கி, அதன் படத்தை ஜெர்மன் கம்பெனியின் புகார் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்.

மற்ற பெண்கள் சேர விரும்பினால் ஒரே தாளில் எல்லோரும் கையெழுத்திட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதி, சம்பளம், ஷிப்ட், ஓ.டி. கணக்குத் தனித்தனி, மனுவும் தனித்தனியாகவே இருக்கட்டும். ஒருவர் விலகினாலும் மற்றவர் மனு நிற்கும்.